ஏரி வாரியம் முதல் கிராம சபை வரை: கோவளக் கரையின் நன்னீரும் ஊர்ப் பணமும்



கோவளம் என்றதும் தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது ஹஜ்ரத் தமீமுல் அன்சாரி (ரலி) அவர்களின் பெயரால் விளங்கும் தர்காவும், அதன் அருகே விரிந்து கிடக்கும் கடலும்தான். நபித்தோழர் ஒருவரின் உடல் பெட்டியில் கடல்வழியே மிதந்து வந்து இக்கரையில் நல்லடக்கம் செய்யப்பட்டது என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செவிவழி மரபு. அம்மரபின் வரலாற்று உறுதியையோ, ஸியாரத் குறித்து நம்மிடையே நிலவும் கருத்து வேறுபாடுகளையோ பேசுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாம் கேட்க விரும்புவது அதைவிட எளிய ஒரு கேள்வி. கடல்நீரில் ஒளூச் செய்யலாம். அது தூய்மையானது என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்திவிட்டார்கள். ஆனால் அதைக் குடிக்க முடியாது. அலைச்சத்தம் கேட்கும் தொலைவிலேயே தலைமுறைகளாக மக்கள் கிணறு வெட்டி நன்னீர் இறைத்துக் குடித்து வந்திருக்கிறார்களே, அந்த நீர் எங்கிருந்து வந்தது? அதைக் காக்கும் செலவை யார் ஏற்றார்கள்?

முதல் கேள்விக்கு நிலவியலில் விடை இருக்கிறது. திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரை நீளும் இந்தக் கரை பெரும்பாலும் மணல்மேடு. பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உள்ளே பரவியிருக்கும் உப்புநீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட எடை குறைந்தது. ஆகவே இரண்டும் எளிதில் கலப்பதில்லை. 1888இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கைபென் என்பவரும், 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் என்பவரும் தனித்தனியே ஒரு கணக்கை வெளியிட்டனர். கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பதே அக்கணக்கு. கேட்க மகிழ்ச்சியாக இருக்கும். ஆனால் அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் நெஞ்சு பதறும். நிலத்தடி நீர் ஒரு மீட்டர் இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 மீட்டர் மேலேறி வரும். ஒரு கோடைக்காலம் முழுவதும் லாரி லாரியாக நீர் இறைத்துவிட்டு, மழை வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தக் கரையில் எவரும் நிம்மதியாக இருக்க முடியாது. உப்பு ஏறிய மணல் மீண்டும் இனிக்கப் பல ஆண்டுகள் ஆகலாம்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகிறது. கரையோர நன்னீரைக் காப்பது கரையில் மட்டும் நடக்கும் வேலையன்று. செங்கல்பட்டின் ஏரிகள், அவற்றின் உபரிநீரை ஏந்தும் மதகுகளும் மடுவுகளும், வாயலூர் அருகே கடலில் கலக்கும் பாலாறு, முட்டுக்காட்டுக் கழிமுகம், கரையோர மணல்மேடு ஆகிய அனைத்தும் அந்தப் பாதுகாப்பின் உறுப்புகள். செங்கல்பட்டு ரயில் நிலையத்தை ஒட்டிக் கிடக்கும் கொளவாய் ஏரியின் உபரிநீர் நீஞ்சல் மடுவு வழியாகப் பாலாற்றில் சேருகிறது. ஏரியில் கழிவுநீர் கலந்தால், அதன் கணக்கைப் பாலாற்றுப் படுகையும் கடைசியில் கரையும் தீர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தக் கரையின் நீர் வரலாற்றைத் தேடுவோர் சற்று உள்நாட்டுக்குள் சென்று, ஏரிகளின் கணக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

அந்தக் கணக்கின் மிகப் பழைய, மிகத் தெளிவான ஏடு கல்லில் இருக்கிறது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் அமைந்துள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளே அவை. குடவோலை முறைக்காக அவற்றைப் பள்ளிப் பாடநூல்கள் போற்றுகின்றன. நம் பொருளுக்கு வேண்டியது அவற்றில் வரும் ஏரி வாரியம். ஆறு பேர் கொண்ட அந்த வாரியம் 360 நாள் பொறுப்பில் இருக்கும். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் அடுத்த குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். நம் ஊர் ஜமாஅத் தேர்தல்களில் இந்த விதியைக் கொண்டுவந்தால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கலாம்.

வாரியத்துக்கு ஆட்கள் மட்டுமல்ல, நிலையான பணமும் இருந்தது. ஏரிக்கென்று விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி எனப்பட்டது. ஏரிக்கென்று தண்டப்பட்ட வரி ஏரி ஆயம். சிலர் சபையிடம் பொன் கொடுத்து வைத்தனர். முதல் தொகையைத் தொடாமல், அதன் பலிசையை, அதாவது வருவாயை மட்டும் கொண்டு ஆண்டுதோறும் தூர்வாருவது ஏற்பாடு. தொண்டை மண்டலக் கல்வெட்டுகளில் இத்தகைய கொடைகள் திரும்பத் திரும்ப வருகின்றன. பலிசை வட்டி என்ற முறையில் நமக்கு உடன்பாடானதன்று. ஆனால் முதலைக் கரைக்காமல் வருவாயைப் பொதுநலத்துக்குச் செலவிடும் அமைப்பு நமக்கு நன்கு அறிமுகமானதே. அதன் வடிவம் வக்ஃபின் வடிவத்துக்கு மிக அருகில் நிற்கிறது.

இதைச் சொல்லும்போது பொற்காலக் கதையாக்கிவிடக் கூடாது. உத்திரமேரூர்ச் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. வாரியத்தில் இடம்பெறச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடையே இருக்க வேண்டும். ஏரிக்குள் இறங்கி மண் சுமந்தவர்களின் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் போடப்படவில்லை. ஆயினும் ஒன்று நிற்கிறது. ஏரியின் பணம் ஏரி இருக்கும் ஊரிலேயே தங்கியது. அதைச் செலவிட்டவர் அந்த ஊராரின் முன்னிலையில் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு சோழர்களோடு மறைந்துவிடவில்லை. 1763இல் ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா, செங்கல்பட்டுச் சீமையை ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக அளித்தார். அச்சீமையின் விளைச்சலும் உரிமைகளும் எவ்வாறு பகிரப்படுகின்றன என்பதை அறிய, தாமஸ் பர்னார்டு என்ற கம்பெனிப் பொறியாளர் 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இருபதாம் நூற்றாண்டில் ஆய்வாளர் தரம்பால் அந்த ஆவணங்களை மீண்டும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது பலரும் வியந்தனர். களத்தில் நெல் குவிந்தவுடன், அரசுக்கும் உழவருக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்பே, ஊர்ப் பொதுவுக்கான பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கோயிலுக்கு, கணக்கருக்கு, வெட்டியானுக்கு, கொல்லருக்கு, தச்சருக்கு என்று நீளும் அந்தப் பட்டியலில் ஏரிப் பராமரிப்புக்கும் ஒரு பங்கு இருந்தது. பக்கீர்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மானியம் இருந்த ஊர்களும் அதில் உண்டு. நம் முன்னோர் இச்சீமையின் பொது ஏற்பாட்டில் விருந்தினராக இல்லை, பங்காளிகளாக இருந்தனர் என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை.

பங்கு எடுத்து வைக்கும் வரிசைதான் இதில் முக்கியமானது. அரசு தன் பங்கை எடுத்துக்கொண்டு, மிச்சமிருந்தால் ஏரிக்குத் தரும் முறையன்று அது. ஏரியின் பங்கு முதலில். அரசின் பங்கு பிறகு.

அதே காலத்தில் கரையில் கொட்டப்பட்ட பணம் எங்கே போயிற்று என்பதையும் பார்க்கலாம். கோவளத்துக்கு அப்போது சதத் பந்தர் என்றும் ஒரு பெயர். ஆஸ்டெண்டு கம்பெனி என்ற ஐரோப்பிய வணிகக் குழு விட்டுச்சென்ற இடிபாட்டின் அருகே நவாப் அன்வாருத்தீன் கான் ஒரு கோட்டை கட்டினார். 1750இல் பிரெஞ்சுக்காரர் அதைச் சூழ்ச்சியால் கைப்பற்றினர். 1752இல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்து வெடிவைத்துத் தகர்த்தான். கட்டி எழுப்பிய சில ஆண்டுகளுக்குள் மண்ணோடு மண்ணாகிப் போன அந்தக் கோட்டையின் செலவு பத்து ஏரிகளுக்குப் போதுமாயிருக்கும் என்று தோன்றுகிறது. கணக்குப் பார்த்துச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொல்கிறேன்.

1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இச்சீமையைப் புரட்டிப் போட்டது. ஊர்கள் வெறிச்சோடின, ஏரிகள் உடைந்து கிடந்தன. 1794இல் கலெக்டராக வந்த லயனல் பிளேஸ், 1798 வரை நான்கு ஆண்டுகள் ஏரிகளைப் பழுதுபார்ப்பதில் பெரும் முனைப்புக் காட்டினார். மதுராந்தகம் ஏரிக்கரையை அவர் சீரமைத்ததும், பெருமழை இரவில் கரை உடையாமல் நின்றதும், அதையொட்டி அங்குள்ள இராமர் கோயிலுக்கு ‘ஏரி காத்த ராமர்’ என்ற பெயர் வழங்குவதும் இன்றும் அவ்வூர்ப் பேச்சில் உயிரோடு இருக்கின்றன. பிளேஸ் திறமையானவர்; ஆனால் அவருடைய திறமைக்கு ஓர் அடிப்படை இருந்தது. ஏரி பெருகினால் கம்பெனியின் வரி பெருகும் என்பதே அது. அந்த வரி பெருக்கத்தின் பேரில், ஊர் தனக்கென எடுத்து வைத்திருந்த பங்குகள் ஒவ்வொன்றாகக் கம்பெனியின் கணக்குக்குள் இழுக்கப்பட்டன. 1802இல் நிலங்கள் ஜமீன் முறையில் ஏலம் விடப்பட்டன. அது நிலைக்கவில்லை, பின்னர் ரயத்துவாரி வந்தது. எந்த முறை வந்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. ஏரியின் பங்கு களத்துமேட்டிலிருந்து கிளம்பிக் கருவூலத்துக்குப் போய்விட்டது. திரும்பி வர வேண்டுமானால் மனு எழுத வேண்டும்.

பணம் போன பிறகும் கடமை மட்டும் ஊரிலேயே விடப்பட்டது. இதுதான் இந்த வரலாற்றின் கசப்பான பகுதி. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம், ஏரிக்கரை உடையும் ஆபத்து நேர்ந்தால் ஊரார் வந்து உழைத்தே தீர வேண்டும், வராதவர் தண்டம் செலுத்த வேண்டும் என்று விதித்தது. குடிமராமத்து என்ற அழகிய சொல், வருவாய் இல்லாத வேலையாக மாறியது இப்படித்தான். கரையில் நின்று மண் சுமந்தோர் யார் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரின் கடைக்கோடியில் வாழ்ந்த ஏழைகள்தாம். 1871இல் உள்ளூர் நிதிச் சட்டமும் 1884இல் உள்ளாட்சி வாரியச் சட்டமும் வந்தன. ஆனால் அந்த நிதி பெரும்பாலும் சாலைக்கும் மருத்துவமனைக்கும் போயிற்று. 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றை அரசு தொடங்கியது. அதன் வேகம், நாட்டில் இருந்த ஏரிகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்கவேயில்லை. கரையோரத்தில் அரசு பெரும்பணம் செலவிட்ட நீர்வேலை பக்கிங்காம் கால்வாய். 1806இல் தனியார் முயற்சியாகத் தொடங்கி, 1877–78 பஞ்ச காலத்தில் நிவாரண வேலையாக நீட்டப்பட்டு, அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயரைப் பெற்றது. உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளுக்காக அது வெட்டப்பட்டது, நன்னீருக்காக அன்று.

இங்கே கோவளத்திலிருந்து தெற்கே, மாமல்லபுரத்தையும் தாண்டி, சதுரங்கப்பட்டினத்துக்குச் செல்வோம். ஆங்கிலேயர் சத்ராஸ் என்று அழைத்த அந்த ஊரில் பதினேழாம் நூற்றாண்டிலிருந்து டச்சுக்காரர்கள் மெல்லிய துணி வாங்கி ஏற்றுமதி செய்தனர். அவர்களின் கோட்டைச் சுவரும் கல்லறைகளும் இன்றும் கடலைப் பார்த்து நிற்கின்றன. 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி அது ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அந்த வணிகர்களின் சொந்த நாட்டில் நிலத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. அங்கே கடலையும் நீரையும் கவனிப்பதற்கென்றே தனி உள்ளாட்சி அமைப்புகள், நீர் வாரியங்கள், நடுக்காலத்திலிருந்து இயங்குகின்றன. ரைன்லாந்து என்ற வாரியத்துக்கு 1255இல் உரிமைச் சாசனம் கிடைத்தது. டச்சுக் கப்பல்கள் சதுரங்கப்பட்டினத்தில் நங்கூரம் பாய்ச்சியபோது அந்த வாரியத்துக்கு ஏறத்தாழ 400 வயது.

அவர்களின் முறை எளிது. நீரால் பயனோ ஆபத்தோ உள்ளவர் வரி செலுத்துவார். வரி செலுத்துபவருக்கு முடிவெடுப்பதில் குரல் உண்டு. அந்த வரி நீரைத் தவிர வேறெதற்கும் போகாது. 1953 பிப்ரவரி 1ஆம் நாள் கடல் கரையுடைத்து 1,836 பேரைப் பலிகொண்டபோது, ஆயிரக்கணக்கில் சிதறிக் கிடந்த சிறு வாரியங்களால் போதிய வலிமையோடு செயல்பட முடியவில்லை என்பது தெரிந்தது. அவற்றைக் கலைத்துவிட்டுத் தலைநகரிலிருந்து ஆளவில்லை, ஒன்றோடொன்று இணைத்தனர். இன்று 21 வாரியங்கள் இருக்கின்றன. நான்காண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடக்கிறது. ஆம்ஸ்டர்டாம் நகரம் 1853 முதல் தன் குடிநீரைக் கடற்கரை மணல்மேட்டிலிருந்து எடுத்து வந்தது. அளவுக்கு மீறி எடுத்ததால் அடியிலிருந்து உப்பு ஏறியது. 1957 முதல் ரைன் ஆற்று நீரைச் சுத்திகரித்து அந்த மணலுக்குள் இறக்கி, பிறகு எடுக்கிறார்கள். கோவளத்துக் கிணற்றில் நடப்பதும் ஆம்ஸ்டர்டாம் மணல்மேட்டில் நடந்ததும் ஒரே நிகழ்வு. வேறுபாடு, அங்கே மணலுக்கென்று ஒரு வரவுசெலவுத் திட்டம் இருந்தது.

நம் மார்க்க வரலாற்றிலும் பொது நீருக்குப் பணம் போட்ட நிகழ்வுகள் குறைவில்லை. மதீனாவில் ரூமா கிணற்றின் நீரை அதன் உரிமையாளர் விலைக்கு விற்று வந்தார். உஸ்மான் (ரலி) அவர்கள் முதலில் பாதி உரிமையை வாங்கினார்கள் என்றும், ஒருநாள் விட்டு ஒருநாள் என்ற அந்த ஏற்பாட்டில் அவர்களுடைய நாளில் மக்கள் இரண்டு நாளைக்கும் சேர்த்து இலவசமாக நீர் எடுத்துக்கொண்டதால் மறுநாள் நீர் வாங்க ஆளில்லாமல் போய், மீதிப் பாதியும் விலைக்கு வந்தது என்றும் அறிவிப்புகள் கூறுகின்றன. இந்நிகழ்வை நாம் ஈகைக்கு எடுத்துக்காட்டாகவே சொல்லி வருகிறோம். அதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வாங்கிய பிறகு அது பொதுவுடைமையாயிற்று. எவரும் அதைத் தனக்கென்று மூடிக்கொள்ள முடியாது. இதற்கு இணையாக ஃபிக்ஹு நூல்களில் ‘ஹரீம்’ என்றொரு கருத்து உண்டு. கிணற்றைச் சுற்றி இத்தனை முழத்துக்குள் வேறு எவரும் கிணறு தோண்டவோ அதன் நீரைக் கெடுக்கும் செயலைச் செய்யவோ கூடாது என்று காப்பு எல்லை வகுப்பது அது. நாற்பது முழம் என்ற அளவு ஹதீஸில் வருகிறது. மண்ணின் தன்மையைப் பொறுத்து இமாம்கள் வெவ்வேறு அளவுகளைச் சொன்னார்கள். 1991இல் இந்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை வெளியிட்டு, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு விதித்தபோது, அது நம் மரபுக்குப் புதிய சிந்தனையாக இருந்திருக்க வேண்டியதில்லை.

விடுதலைக்குப் பிந்தைய கதையை விரைந்து சொல்லிவிடலாம். பெரிய ஏரிகள் பொதுப்பணித் துறைக்கும், 100 ஏக்கருக்குக் குறைவான பாசனமுள்ள சிற்றேரிகள் ஊராட்சி ஒன்றியங்களுக்கும் என்று பிரிக்கப்பட்டன. 1987இல் சென்னைப் பெருநகர்ப் பகுதிக்கு நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. மாநிலம் முழுமைக்குமாக 2003இல் இயற்றப்பட்ட சட்டம் நடைமுறைக்கே வராமல் 2013இல் நீக்கப்பட்டது. நடுவே 1992இல் அரசமைப்பின் 73ஆவது திருத்தமும், அதையொட்டி 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்தன. பதினோராம் அட்டவணையில் சிறுபாசனம், நீர் மேலாண்மை, குடிநீர், மீன்வளம் ஆகியவை ஊராட்சிகளுக்கு உரியனவாகக் குறிக்கப்பட்டன. உத்திரமேரூர் திரும்பி வந்தது போலத் தோன்றியது.

ஆனால் செங்கல்பட்டுக்கு என்ன நேர்ந்தது? 2016 அக்டோபரில் தமிழக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத் தீர்ப்பால் நின்றது. ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கைக்குப் போயின. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. அதனாலேயே, வார்டு எல்லைகளை மீண்டும் வரையறுக்க வேண்டும் என்ற காரணத்தால், 2019 டிசம்பரில் மற்ற 27 மாவட்டங்களில் நடந்த ஊரகத் தேர்தலிலிருந்து இம்மாவட்டம் விடுபட்டது. 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாள்களில்தான் இங்கே வாக்குப்பதிவு நடந்தது. ஐந்து ஆண்டுகள்! உள்ளாட்சித் தேர்தல் நடத்தாததைக் காட்டி மத்திய அரசு மானியத்தையும் நிறுத்தி வைத்தது. சென்னையின் ஏரிகள் வறண்டு, புறநகர்க் கிணறுகளிலிருந்து லாரிகள் இரவும் பகலும் நீர் எடுத்த 2019ஆம் ஆண்டுக் கோடை, மிகச் சரியாக அந்த ஐந்து ஆண்டுகளுக்குள்தான் விழுந்தது. ‘இதற்கு மேல் எங்கள் ஊரில் இறைக்காதீர்’ என்று தீர்மானம் நிறைவேற்றித் தலைவராக நின்று சொல்வதற்கு, வாக்குப் பெற்ற ஒருவர்கூட அப்போது இல்லை.

அதே காலத்தில் பெரும்பணம் வேறொரு திசையில் பாய்ந்தது. கோவளத்துக்குத் தெற்கே நெம்மேலியில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் மத்திய அரசின் ரூ.871 கோடி உதவியோடு 2013இல் திறக்கப்பட்டது. அதனருகே 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாவது நிலையம் ஜெர்மன் வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு ரூ.1,516 கோடியில் கட்டி முடிக்கப்பட்டு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டருக்கான மூன்றாவது நிலையத்துக்கு ஜப்பானின் உதவியோடு ரூ.4,276 கோடி ஒதுக்கி, 2023இல் அடிக்கல் நாட்டப்பட்டது. தாகத்தால் தவித்த மாநகருக்கு இவை தேவையில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஒரு கோடை முழுவதும் குடத்தோடு வரிசையில் நின்றவரிடம் அப்படிப் பேசவும் கூடாது. ஆயினும் நெம்மேலியை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பத்து மீனவர்கள், நிலையம் வந்த பின் தங்கள் கரை அரிக்கப்படுவதாக நெடுநாள்களாக முறையிட்டு வருகின்றனர். கடல்நீரை இனிப்பாக்க ஆயிரக்கணக்கான கோடிகள் கிடைத்த அதே கரையில், ஏற்கெனவே இனிப்பாக இருந்த நீரை இனிப்பாகவே வைத்திருக்க எத்தனை கோடிகள் கிடைத்தன?

சில கிடைத்தன. பாலாற்றின் கடைமுகத்தில் வாயலூர் அருகே, கடல்நீர் உட்புகுவதைத் தடுக்கும் தடுப்பணை 2019இல் நிறைவு பெற்றது. அந்த ஆண்டு மழையிலேயே அது நிறைந்து வழிந்தது. கல்பாக்கம் அணுமின் நிலையமும் அதன் நகரியமும் அதே பாலாற்றுப் படுகையை நம்பியவை என்பதால் அந்த அணைக்கு வலுவான ஆதரவு இருந்தது என்று எண்ண இடமுண்டு. 2017இல் குடிமராமத்துத் திட்டம் ரூ.100 கோடியோடு மீண்டும் தொடங்கப்பட்டது. பயன்பெறும் உழவர்கள் செலவில் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது அதன் விதி. கோவளக் கடற்கரைக்கு 2021இல் நீலக்கொடிச் சான்று கிடைத்தது. அதற்காகக் கடல்நீரின் தூய்மை ஒழுங்காகச் சோதிக்கப்படுகிறது. முடிவு பலகையில் அறிவிக்கப்படுகிறது. குளிக்க வரும் சுற்றுலாப் பயணிக்கு அந்தப் பலகை இருக்கிறது. சில நூறு மீட்டர் உள்ளே, வீட்டுக் கிணற்றின் உப்பு இந்த ஆண்டு எவ்வளவு ஏறியது என்பதை அங்கு வாழும் தாய்க்குச் சொல்ல அப்படி ஒரு பலகை இல்லை. 2025–26 நிதிநிலை அறிக்கையில் கோவளம் அருகே ரூ.350 கோடியில் புதிய நீர்த்தேக்கம் அறிவிக்கப்பட்டது. வெள்ளநீரைத் தேக்குவது நல்ல நோக்கம். அது கழிமுகத்தின் இறாலையும் நண்டையும் என்ன செய்யும் என்று மீனவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே எழுப்பியிருக்க வேண்டிய இடம் கரையோர ஊராட்சி மன்றங்கள்.

அவற்றிடம் பணமே இல்லை என்று சொல்வது சரியன்று. பதினைந்தாவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை ஊரக உள்ளாட்சிகளுக்கு அளித்த மானியத்தில் 60 விழுக்காடு துப்புரவுக்கும், குடிநீர், மழைநீர் சேகரிப்பு, நீர் மறுசுழற்சி ஆகியவற்றுக்கும் என்றே கட்டி வைக்கப்பட்டது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்குள் அமைக்கும் குழாய்ப் பணிகளின் செலவில் பத்தில் ஒரு பங்கு ஊராரின் பங்களிப்பு. 2022 முதல் தமிழகத்தில் மார்ச் 22, உலக நீர் நாளிலும் கிராம சபை கூட வேண்டும் என்று அரசு முடிவெடுத்தது. ஆக, பணத்தில் ஒரு பகுதி ஊருக்கு வருகிறது. அதைப் பற்றிப் பேச ஒரு நாளும் இருக்கிறது. குறை எங்கே என்றால், அந்தப் பணம் குழாய்க்கும் மேல்நிலைத் தொட்டிக்கும் போகும் அளவுக்கு, குழாயில் வரும் நீர் பிறக்கும் இடத்துக்குப் போவதில்லை. மணல்மேட்டைச் சமன்செய்து வீட்டுமனை போடும்போது ஊராட்சி வரி பெறுகிறது. மணல்மேட்டைக் காத்தால் அதற்கு ஒரு காசும் வருவதில்லை. டச்சு வாரியம் செய்வதற்கு நேர் எதிரான கணக்கு இது. நீர் எடுத்து விற்கும் லாரிக்கும், பெரும் விடுதிகளின் ஆழ்குழாய்க்கும் ஊராட்சி ஒரு நீர்க்கட்டணம் தண்டி, அதை மழைநீர் இறங்கும் குளங்களுக்கும் கிணற்று உப்பின் அளவைச் சோதிப்பதற்கும் மட்டுமே செலவிடும் வகையில் மாநில அரசு வழிசெய்தால், ஏரி ஆயம் என்ற பழைய பெயருக்கு மீண்டும் பொருள் கிடைக்கும். இது என் சொந்தக் கருத்து. இதில் குறை காண்போர் கிராம சபையில் எழுந்து சொல்லட்டும். அங்கே சொல்லப்படும் மறுப்புக்கும் பயன் உண்டு.

கரையோர ஜமாஅத்துகளுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. பள்ளிவாசல் ஹவுளுக்கு நீர் தரும் கிணற்றின் சுவை மாறியதை முதலில் உணர்பவர்கள் ஒளூவில் வாய் கொப்பளிக்கும் முஸல்லிகள். சந்தாப் பணத்துக்கு ஜும்ஆவுக்குப் பின் கணக்கு வாசிக்கும் பழக்கமும் நம்மிடம் இருக்கிறது. அந்த இரண்டையும் சேர்த்து, பள்ளிக் கிணற்றின் உப்பளவை மாதம் ஒருமுறை எழுதி வைத்து, மார்ச் 22 கிராம சபையில் மீனவ ஊர்த் தலைவர்களோடும் அயல் தெருச் சகோதரர்களோடும் சேர்ந்து முன்வைத்தால், அது வெறும் முறையீடாக இராது. அரசுப் பொறியாளரும் மறுக்க முடியாத அளவீடாக இருக்கும். சோதனைக் கருவியின் விலை ஒரு குடும்பத்தின் சில மாதக் கேன் தண்ணீர்ச் செலவுக்குள் அடங்கும்.

2021 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட செங்கல்பட்டு ஊராட்சிகளின் ஐந்தாண்டுக் காலம் 2026 அக்டோபரோடு முடிகிறது. பதவிக்காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்தாக வேண்டும் என்று அரசமைப்பின் 243இ பிரிவு சொல்கிறது. 2016இலும் அது அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தது.